கண்ணாடியில் தொங்கிய துண்டு

வேன் ஓட்டுகிறவன் கொட்டாவி விடுவதை நிறுத்திவிட்டான். அவள் பக்கத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதுவரை அவன் விட்ட கொட்டாவிகளை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க ஊரார் வாயைப் பார்ப்பதுதான் பிழைப்பு. பிளந்த வாய் அவளை ஒன்றும் செய்யாது. அதோடு, அப்பா சொல்லியிருக்கிறார். "கொட்டாவி விடற டிரைவரைப் பார்த்துப் பயப்படாதம்மா. உடம்பு இன்னும் சண்டை போட்டுட்டுதான் இருக்குன்னு அர்த்தம். கொட்டாவி நின்னு, மூஞ்சி அப்படியே சாந்தமாகும் பாரு, அப்பதான் பயப்படணும்."

இவன் முகம் இப்போது சாந்தமாக இருந்தது. கண் திறந்திருந்தது. சாலையைத்தான் பார்த்தது. ஆனால் எதிரே வந்த பஸ் கடந்து போனபோது அந்தக் கண் அதோடு அசையவில்லை.

அப்பா பின்னால் வெள்ளைத் துணிக்குள் படுத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர், கடைசியில் இன்னொருவன் ஓட்ட, கால் நீட்டிப் போய்க்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பைகளில் ஐஸ் அடுக்கியிருந்தது. அது கரைந்து தரையில் ஓடி, வண்டி திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய் வந்தது. ஸ்ட்ரெச்சரை ஒட்டிய நீள சீட்டில் சித்தப்பா உட்கார்ந்த வாக்கிலேயே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கை மட்டும் அண்ணன் விழுந்துவிடக் கூடாது என்பது போல ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்திருந்தது. வண்டியில் இருந்த மூன்று ஆண்களில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவர் இனி எழப்போவதில்லை, ஓட்டுகிறவன் எந்தப் பக்கம் சேருவது என்று இன்னும் முடிவு செய்யாமல் இருந்தான்.

மதிய வெயில். சாலை நேராக, வளைவே இல்லாமல், பார்க்கப் பார்க்கச் சலிப்பாகக் கிடந்தது. வேன் மெல்ல இடது ஓரத்துக்குப் போயிற்று. ஓரத்து ஜல்லியில் டயர் ஏறிக் கடகடத்தது. அவன் திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான். சித்தப்பா குறட்டையை ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார்.

"தம்பி."

"ஆங்… சொல்லுங்கக்கா."

"நேத்து தூங்குனீங்களா?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு உறைத்தது.

மற்றவர்கள் 'சாப்பிட்டீங்களா' என்று கேட்கிற மாதிரி அப்பா 'தூங்குனீங்களா' என்று கேட்பார். அவள் எப்போதாவது வெளியூர் போனால் பஸ் ஏற்றிவிட வருவார். வந்தவர் மகளிடம் பேச மாட்டார். நேரே டிரைவர் சீட்டுப் பக்கம் போய், முன்பின் தெரியாத மனிதரிடம், "அண்ணே, நேத்து நல்லாத் தூங்குனீங்களா?" என்று விசாரிப்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் முறைப்பார்கள். ஒருவர், "ஏன், தாலாட்டுப் பாட வந்தியா?" என்று கேட்டார். அவளுக்கு மானம் போகும். ஒரு தடவை அந்த மாதிரி விசாரித்துவிட்டு வந்து, "இறங்கு, இவன் வேண்டாம், அடுத்த பஸ்ல போகலாம்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பஸ் முழுக்க அவளைப் பார்த்தது. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

இன்று காலை இந்த வேனில் ஏறும்போது அதைக் கேட்க ஆள் இல்லை.

"தூங்கினேன்கா" என்றான் அவன்.

"எப்போ?"

அவன் சட்டைப்பையிலிருந்து, நனைத்து வைத்திருந்த கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். கர்ச்சீப் எப்போதோ காய்ந்திருந்தது.

"பொய் சொல்லாதீங்க தம்பி. எங்கப்பா டிரைவர்."

"நேத்து ராத்திரி ஒரு பாட்டியம்மாவை மலைப்பக்கம் கொண்டுபோய் இறக்கிட்டு வந்தேன்கா. முந்தாநாளும் ஒரு டிரிப். காலையில வண்டியைக் கழுவிட்டுப் படுக்கலாம்னு இருந்தப்பதான் உங்க சித்தப்பா வந்து நின்னாரு. வேற வண்டி இல்ல. அழுதுட்டே கேட்டாரு. சரி, இது ஒண்ணுதானே, போயிட்டு வந்து மொத்தமா படுத்துக்கலாம்னு…" அவன் வெட்கப்பட்ட மாதிரி சிரித்தான். "பழகிடுச்சுக்கா. பயப்படாதீங்க."

பழகிடுச்சு. அப்பாவுக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் அதுதான்.

*

அவருக்கு லைனில் பட்டப்பெயர் 'தூங்குமூஞ்சி'. சரக்கு லாரி ஓட்டுகிறவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும். கண் கொஞ்சம் கனத்தால் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சீட்டில் சாய்ந்துவிடுவார். சரக்கு தாமதமாகும். முதலாளி போனில் கத்துவார். "உனக்கு எதுக்குய்யா லாரி? ஒரு கட்டில் வாங்கித் தர்றேன், அதை ஓட்டு" என்பார். அப்பா அசர மாட்டார். "கட்டில்ல படுத்துத் தூங்கி எவனும் அடுத்தவன் குடும்பத்தைக் கொன்னதில்ல முதலாளி" என்று சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டுத் தூங்குவார். அவர் வண்டி ஒரு நாயைக்கூட அடித்ததில்லை. வீட்டில் அம்மாவுக்கு இருந்த பயமெல்லாம் மற்ற வண்டிகளைப் பற்றித்தான்.

அந்த மனிதர் நேற்று விடியற்காலை ஒரு பெட்ரோல் பங்க்கின் பின்புறம் லாரியை நிறுத்திவிட்டுப் படுத்தார். அதற்கப்புறம் எழவில்லை. மாலையில்தான் கதவைத் திறந்தார்கள்.

மாரடைப்பு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். எப்போது வந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது என்றார். உடனே கொண்டுவந்திருந்தால் என்று அவள் ஆரம்பித்ததும் அவர் பேனாவை மூடினார். "அப்படியெல்லாம் யோசிக்காதீங்கம்மா." யோசிக்காதே என்றால் யோசிக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். காலையிலிருந்து அவள் அதைத்தான் மென்றுகொண்டிருந்தாள்.

பிணவறை வாசலில் ஒருவர் நின்றிருந்தார். டேங்கர் ஓட்டுகிறவர். லாரிக் கதவைத் திறந்தது அவர்தான். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார். அப்பாவின் செருப்பு, பிளாஸ்க், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, மேலே நீலத் துண்டு ஒன்றை அழகாக மடித்து வைத்து நீட்டினார்.

"நான்தாம்மா பக்கத்துல வண்டியைப் போட்டிருந்தேன்" என்றார். "காலையில வந்தேன். அண்ணன் வண்டி நிக்குது. கண்ணாடியில துண்டு தொங்குது. சரி, தூங்குமூஞ்சி அண்ணன் ஆரம்பிச்சுட்டாருடான்னு சிரிச்சுக்கிட்டேன். என் கதவைக்கூடச் சத்தம் வராமதான் சாத்தினேன். ரெண்டு பேரு அங்க நின்னு கத்திப் பேசிட்டிருந்தாங்க. மனுசன் தூங்கறாரு, அந்தாண்ட போய்ப் பேசுங்கப்பான்னு விரட்டினேம்மா."

"ஒரு தடவை தட்டிப் பார்த்திருக்கலாமே?"

அவள் சத்தமாகத்தான் கேட்டாள். பிணவறைக் காவலாளி திரும்பிப் பார்த்தார்.

"துண்டு தொங்கினா தட்ட மாட்டோம்மா."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்குமா? சாப்பிடக்கூட இறங்கல, தண்ணி குடிக்க இறங்கல, ஒருத்தருக்குக்கூடவா தோணல? என்ன மனுசங்க நீங்கல்லாம்?"

சித்தப்பா அவள் தோளைப் பிடித்தார். டேங்கர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மத்தியானம் சாப்பிடக் கூப்பிடலாம்னு போனேம்மா. தட்டக் கையை ஓங்கிட்டேன். துண்டு கையில பட்டுச்சு. பாவம், எத்தனை நாள் தூக்கமோன்னு வந்துட்டேன்." பைமேல் இருந்த துண்டை நீவினார். "முன்னெல்லாம் தூங்கற டிரைவரை யாரு வேணும்னாலும் தட்டி எழுப்புவாங்க. பங்க்காரன் தட்டுவான், லோடு புரோக்கர் தட்டுவான், பக்கத்து வண்டிக்காரன் தீப்பெட்டி கேட்டுத் தட்டுவான். அந்தத் துண்டு போடற பழக்கத்தை இந்த லைன்ல கொண்டுவந்ததே உங்கப்பாதாம்மா. துண்டு தொங்கும்போது எவனாவது தட்டினா இறங்கிவந்து சண்டை போடுவாரு. முதல்ல எல்லாரும் கேலி பண்ணினோம். இப்போ எல்லார் வண்டியிலயும் ஒண்ணு கிடக்கு."

அவளுக்கு அதற்குமேல் கேட்க முடியவில்லை. "அந்தத் துண்டு எனக்கு வேண்டாம். நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். அவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. சித்தப்பாதான் வாங்கிப் பைக்குள் திணித்தார். வேன் புறப்படும்போது கண்ணாடியில் பார்த்தாள். அந்த மனிதர் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி வெயிலில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

*

"தம்பி, எங்காவது நிறுத்துங்க."

"பாத்ரூம் போகணுமாக்கா?"

"இல்ல. நீங்க தூங்கணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"பாடியை வெச்சுக்கிட்டு எப்படிக்கா? வீட்டுக்காரங்க கொன்னுடுவாங்க. ஒரு தடவை டீ குடிக்க நிறுத்தினேன். எங்கம்மா உள்ள கிடக்கறா, உனக்கு டீ கேக்குதான்னு ஒருத்தர் சட்டையைப் பிடிச்சுட்டாரு. தப்புச் சொல்ல முடியாதுல்ல? அவங்க துக்கம் அவங்களுக்கு." கண்ணைக் கசக்கிக்கொண்டான். "இந்த வேலையில நடுவுல நிறுத்தறதே இல்லக்கா. ஏத்தினா இறக்கறதுதான்."

"நான் சட்டையைப் பிடிக்க மாட்டேன். நிறுத்துங்க."

தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க்கின் போர்டு தெரிந்தது. அதை ஒட்டி இரண்டு மூன்று மரங்கள், ஒரு கடை, சில லாரிகள். அவன் அதைப் பார்த்தான். பிறகு கண்ணாடியில் பின்னால் சித்தப்பாவைப் பார்த்தான். முடிவெடுக்கக்கூட அவனிடம் தெம்பு இல்லை. இண்டிகேட்டரை அவளே எட்டிப் போட்டாள்.

மர நிழலில் வண்டி நின்று, இஞ்சின் அடங்கியதும் சித்தப்பா விழித்துக்கொண்டார். ஓடுகிற வண்டியில் தூங்குகிறவர்களை எழுப்ப, அது நின்றால் போதும்.

"வந்துட்டோமா?"

"இல்ல சித்தப்பா. தம்பி கொஞ்ச நேரம் தூங்கட்டும். அப்புறம் போலாம்."

சித்தப்பா பெயின்ட் கடை வைத்திருக்கிறார். எதையும் கலக்கிப் பார்த்துத்தான் பேசுவார். அன்றைக்கு அதற்கெல்லாம் அவருக்குப் பொறுமை இல்லை. காலையிலிருந்து ஐம்பது பேருக்குப் போன் செய்து, இருட்டுவதற்குள் கொண்டுவந்துவிடுகிறோம், எடுத்துவிடலாம் என்று சொல்லி வைத்திருந்தார். எல்லாரும் வந்து காத்திருந்தார்கள்.

"உனக்கு என்ன பைத்தியமா? தூங்கறதா? யாரு, இவனா?"

"மூணு நாளா தூங்கல சித்தப்பா."

"எவன்தான் தூங்கினான்? நான் தூங்கினேனா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கே கன்னத்தில் சீட்டுக் கம்பியின் தடம் பதிந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டு இன்னும் கோபப்பட்டார்.

"ஐஸ் கரையுது, பாரு. கையை வெச்சுப் பாரு. இந்த வெயில்ல எவ்வளவு நேரம் தாங்கும்? உங்கம்மா முகத்தைப் பார்க்க வேண்டாமா? பார்க்கிற மாதிரி கொண்டுபோக வேண்டாமா?"

அது அவளைக் குத்தியது. அவர் சொன்னது பொய்யில்லை. அம்மா கடைசியாக ஒரு தடவை பார்க்கப்போகிற முகம். அதைத்தான் அவள் இந்த மர நிழலில் பணயம் வைக்கிறாள். ஓட்டுகிறவன் கதவைத் திறந்து, "பரவால்லக்கா, மூஞ்சியைக் கழுவிட்டு எடுத்துடறேன்" என்று இறங்கினான். இறங்கிய கால் தரையைச் சரியாகத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கதவைப் பிடித்துச் சமாளித்தான்.

"பார்த்தீங்களா?" என்றாள் அவள்.

"எல்லாம் பார்த்தேன். மூஞ்சியைக் கழுவினா சரியாயிடும். இன்னும் என்ன தூரம்?" சித்தப்பா ஸ்ட்ரெச்சர் பக்கம் கையைக் காட்டினார். "எங்கண்ணன் ஒரு நாள் முழுக்க நாதி இல்லாம ரோட்டோரத்துல கிடந்தது பத்தாதா? நீயும் கொண்டுவந்து ரோட்டோரத்துலயே போடறியே, உனக்கே நல்லா இருக்கா?"

அவளுக்கு அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. அதை விழுங்கிக்கொண்டுதான் பேசினாள்.

"ரோட்டோரத்துலதான் கிடந்தாரு சித்தப்பா. ரோட்டுல செதறிக் கிடக்கல. யாரையும் கூட்டிட்டுப் போகல."

சித்தப்பா கையிலிருந்த போன் அடித்தது. அம்மா.

எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டார், பஞ்சாயத்துக்கு நல்ல ஆள் கிடைத்த வேகத்தில். "அண்ணி, நீங்களே கேளுங்க. உங்க பொண்ணு நடுவழியில வண்டியை நிறுத்தி வெச்சிருக்கா. டிரைவரைத் தூங்க வைக்கிறாளாம். இங்க ஐஸ் கரையுது, அங்க ஆளுங்க காத்திட்டிருக்காங்க. சொல்லுங்க அவளுக்கு."

அந்தப் பக்கம் நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்றாள் அம்மா.

"அண்ணி…"

"அவளைப் பேசச் சொல்லுங்க."

"அம்மா" என்றாள் அவள். "கண்ணு சொருகுதும்மா அவனுக்கு. ஒரு தடவை ஓரத்துக்கே போயிட்டான். அப்பாவை வெச்சுக்கிட்டு… எனக்குப் பயமா இருக்கு. ஆனா லேட்டாகும். இருட்டிடும். ஐஸ்வேற…"

அம்மா மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளுக்கு வழக்கமான குரல் வந்தது. சோறு ஆறிப்போன எத்தனையோ இரவுகளில் அப்பாவைத் திட்டிய அதே குரல்.

"உங்கப்பா என்னைக்குடி நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாரு? இன்னைக்கு மட்டும் வந்துடப் போறாரா? தூங்கட்டும் அந்தப் பையன். வர்றவங்க இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். இருட்டினா காலையில எடுத்துக்கலாம். நான் இத்தனை வருசம் உக்காந்திருந்தேன்ல, இன்னைக்கும் உக்காந்திருக்கேன்." மூச்சு வாங்கினாள். "முழுசா வந்து சேருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

போன் அணைந்தது. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் அண்ணன் கிடந்த பக்கம் பார்த்தார். தோளைக் குலுக்கி, "அந்தக் கடையில ஐஸ் இருக்கும். கூல்டிரிங்க்ஸ் விக்கறவன் ஐஸ் வெச்சிருப்பான்" என்று யாரிடமோ சண்டை போடுகிற மாதிரி சொல்லிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

ஓட்டுகிறவன் முகம் கழுவிவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். என்ன முடிவாயிற்று என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

"சீட்டைச் சாய்ச்சுப் படுங்க."

"கால் மணி நேரம் போதும்கா. எழுப்பிடுங்க, என்ன? நிச்சயமா எழுப்பிடணும்."

"எழுப்பறேன்."

"அப்பாவுக்கு… ஒண்ணும் ஆகாதேக்கா?"

"அப்பாவுக்கு இது பிடிக்கும்" என்றாள்.

அவன் அதைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. சீட் பின்னால் சாயும்போதே அவனும் போய்விட்டான். ஒரு கை ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பில் அப்படியே கிடந்தது. நகங்களில் வண்டி கழுவிய அழுக்கு. தூக்கத்தில் முகம் இன்னும் இளமையாக இருந்தது. மிஞ்சிப்போனால் அவளுக்கு ஐந்தாறு வயது இளையவனாக இருப்பான். இவனுக்கும் எங்கோ ஒரு வீட்டில் யாரோ சோற்றை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கொஞ்சம் தள்ளி ஒரு லாரிக்காரர் டயரைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். டங், டங் என்று கேட்டது. இவன் முகம் சுளித்தது. கண் திறக்கவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

துண்டு மேலாகத்தான் இருந்தது. சித்தப்பா திணித்ததில் மடிப்புக் கலைந்திருந்தது. வெளுத்து, ஓரம் நைந்து, நடுவில் கட்டிக் கட்டி முடிச்சு விழும் இடம் மட்டும் நூலாகத் தெரிந்தது. டீசலும் சோப்பும் தேங்காயெண்ணெயும் கலந்த வாசனை. அவர் வீட்டுக்கு வந்தால் கதவைத் திறக்கும் முன்பே தெரியும் வாசனை. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். எழுந்து போய் குப்பைத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் போலவும் இருந்தது. முகத்தை அதற்குள் புதைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் அதைக் கட்டினாள். ஒரு முடிச்சு. காற்றில்லாமல் துண்டு நேராகத் தொங்கிற்று.

டயர் தட்டுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். துண்டைப் பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

அவள் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் ஒரு லாரி பாட்டை அலறவிட்டுக்கொண்டு உள்ளே திரும்பியது. பாதி வழியில் பாட்டு நின்றது. இஞ்சினை முன்பே அணைத்துவிட்டு, உருண்டு போய், தள்ளி ஒரு மூலையில் நின்றது. ஓட்டிவந்தவர் தண்ணீர் பாட்டிலோடு இந்தப் பக்கமாக நடந்தார். வேனின் பின்கண்ணாடி வழியே உள்ளே இருந்தது அவர் கண்ணில் பட்டது. அவளையும் பார்த்தார். செருப்பைத் தரையில் தேய்க்காமல், காலை எடுத்து எடுத்து வைத்து நடந்து போனார்.

நேற்றும் இப்படித்தான் போயிருப்பார்கள். ஒவ்வொருவரும் இப்படியே, காலை எடுத்து எடுத்து வைத்து. பிணவறை வாசலில் நீட்டிய கையோடு நின்ற மனிதரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அவரிடம் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லியிருக்கலாம். ராத்திரி முழுக்க நின்றாரே, அதற்காவது. இப்போது யாரிடம் போய்க் கேட்டு அவரைப் பிடிப்பது? அவளுக்கு அவர் வண்டி நம்பர்கூடத் தெரியாது. உடம்பெல்லாம் வலித்தது. கண் எரிந்தது. சாய்ந்தால் அவளும் தூங்கிவிடுவாள். அதனால் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பா இரண்டு கையிலும் ஐஸ் பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. துண்டைப் பார்த்ததும் நின்றார். பின்கதவை மிக மெதுவாகத் திறந்தார். பழைய பைகளை எடுத்துவிட்டுப் புதியதை அண்ணனின் தோளோரமாக வைத்தார். பிளாஸ்டிக் சரசரத்தபோது, தன்னைத் தானே அதட்டுவது போல, "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்துக்கொண்டார். வைத்து முடித்துவிட்டு, கதவை முழுக்க அறைந்து சாத்தாமல் சும்மா பொருத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஓட்டுகிறவனைத் திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். தொளதொளத்த சட்டை. ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் குனிந்து காதைக் கொடுத்தாள். சாலையில் போகும் வண்டிகளின் இரைச்சல்தான் கேட்டது.

"தம்பி" என்றாள், எழுப்பிவிடாத அளவுக்கு. அவன் அசையவில்லை.

தயங்கினாள். பிறகு கையை நீட்டி, விரலை அவன் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள்.

சூடாக மூச்சு வந்து பட்டது. அவன் தூக்கத்திலேயே ஈயை விரட்டுவது போல அவள் கையைத் தட்டிவிட்டு, ஏதோ முனகி, கதவுப் பக்கமாகத் திரும்பிப் படுத்தான்.

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து, மறுபடியும் கையை நீட்டினாள்.